நானா டைப் அடித்த பதில்கள்

யுத்தம் நடந்த காலத்தில் திருகோணமலையில், துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், கிண்ணியா முஸ்லிம் ஒருவர் இன்டர்நெட் கடை வைத்திருந்தார். என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். நான் சரித்திரம் படிப்பித்த வாத்தியார். கணினியில் தமிழ் டைப் அடிக்க எனக்கு ஏலாது. கொப்பித் தாளில் எழுதிக் கொடுப்பேன், நானா அடித்து அனுப்புவார்.

தமிழ் விவாதத் தளம் ஒன்றில் ஒருவன், ஹிட்லரின் ஆட்கள் யூதர்களைக் கொன்றதெல்லாம் கட்டுக்கதை என்று எழுதிக்கொண்டிருந்தான். ‘யார் கண்டது? படம் எங்கே?’ என்பான். படத்தைக் காட்டினால் பொய்ப்படம் என்பான். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிடும். முகாம்களைப் பற்றி, தப்பி வந்தவர்களின் சாட்சியங்களைப் பற்றி, கொன்றவர்களே எழுதி வைத்த பதிவேடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். ‘முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. கண்ணால் கண்டவன் வாய் திறந்தால் உன் கதை முடிந்தது’ என்று ஒருநாள் எழுதிக் கொடுத்தேன். நானா அடித்துவிட்டுச் சிரித்தார்.

“நல்லாக் குடுத்தீங்க மாஸ்டர்!”

எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த கிழமை அதே தளத்தில் வேறொருவன் எழுதியிருந்தான்: எங்கள் இயக்கப் பெடியள் ஒரு முஸ்லிமையும் தொட்டதில்லை, எல்லாம் கட்டிவிட்ட கதை. அதற்குக் கீழே எங்கள் தமிழ் ஆட்கள் பலர் ஓம், ஓம் என்று ஆமோதித்து எழுதியிருந்தார்கள்.

நானா கதிரையை என் பக்கம் திருப்பினார். “மாஸ்டர், இதுக்கும் ஒண்டு எழுதித் தாங்க. எண்ட தம்பிட கதைய.”

அவருடைய தம்பி கிளிவெட்டிப் பக்கம் மாடு பார்க்கப் போனவர். பெடியள் மறித்துச் சுட்டார்கள். கூடப் போனவர் தப்பி வந்து சொன்னார். செய்தி கேட்டு நான் பாதைப் படகில் கிண்ணியாவுக்குப் போனேன். முற்றத்தில் நின்று தம்பியின் முகம் பார்த்தேன். நெற்றியில் காயம் இருந்தது. அவர்கள் வழக்கப்படி பொழுதுபட முன்னரே அடக்கிவிட்டார்கள். மையத்தை, அந்த உடலை, ஒருவரும் படம் எடுக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? எழுதினால் பெடியள் வீடு தேடி வருவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட வெட்கக்கேடு, சொந்தச் சனம் துரோகி என்று சொல்லுமே என்ற நினைப்பு. பயமாயிருக்கிறது நானா என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

“நானா, ஆதாரம் கேப்பாங்கள். ஆர் கண்டது? ஒரு படமெண்டாலும் இருக்கோ?”

சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று எனக்கே உறைத்தது. சீ, நானும் ஒரு வாத்தி!

நானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “படம் இல்ல மாஸ்டர். நீங்க பாத்தீங்க.”

நான் சுவரைப் பார்த்தேன். “நாளைக்குப் பாப்பம்” என்று எழும்பிவிட்டேன்.

மறுநாளும் போனேன். சட்டைப் பையில் இரண்டு தாள் இருந்தது. இரண்டும் யூதர்களைப் பற்றியது. நானா வாங்கினார், வாசித்தார், ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்து அனுப்பினார். நல்லாக் குடுத்தீங்க என்று மட்டும் சொல்லவில்லை.