குருசாமியின் வலது கால்

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் குருசாமியின் வலது காலுக்கு இருந்த மரியாதை அவர் முகத்துக்குக்கூடக் கிடையாது. காலையில் வண்டியைச் சுற்றி வந்து நாலு டயருக்கும் ஆளுக்கொரு உதை விடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "பின்னாடி வலதுல ரெண்டு பவுண்டு கம்மி" என்பார். அதன்படி காற்றடித்த பிறகுதான் வண்டி கிளம்பும். எழுபத்தாறு வாக்கில் நான் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. வேலைக்குப் போகும் பெண்களோடு அந்த ஜீப்பின் முன்சீட்டில் நானும் தினமும் போய்வந்தேன்.

மற்றபடி டயர் விஷயத்தில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். சாயங்காலமானால் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து, டயர் இடுக்குகளில் சிக்கிய கற்களை நெம்பி எடுப்பார். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போடுவார். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் கோணல் என்று எனக்கே பாடமாகிவிட்டது. "சொமக்கிறது ரப்பரு இல்ல கணக்குப்பிள்ள, உள்ள இருக்கிற காத்துதான்" என்று அவர் சொல்லாத நாளில்லை. ஆனால் அந்தக் காற்றை அளக்க ஒரு மீட்டர் வாங்குங்கள் என்றால் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். புதிதாக ஜீப் வாங்கிய கர்ணன் சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு மீட்டரைச் செருகிக்கொண்டு வந்தான். "காலு செத்தவனுக்குத்தான் அதெல்லாம்" என்றார் குருசாமி.

அந்த மழைக்காலத்தில் வண்டி இரண்டு தடவை வழியில் படுத்துவிட்டது. தோட்டத்தில் மேனேஜர் பேர் கூப்பிட்டு முடித்தபின் போனால் பெண்களுக்கு அரைச் சம்பளம்தான். அவர்களுக்குத் தலைவி சங்கிலியம்மாள் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா நாங்க கர்ணன் வண்டிக்குப் போயிருவோம்ணே. கோவிச்சுக்கிராதீக."

அந்த டிரிப்பை விட்டால் குருசாமிக்கு வேறு பிழைப்பு இல்லை. அன்றிலிருந்து வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நேரம் வேறு மாதிரி இருந்தது. குமுளியில் யாரோ ஆசையாகக் கொடுத்த பலாப்பழத்தை இறக்கும்போது கை நழுவி வலது கால் கட்டைவிரல்மேல் போட்டுக்கொண்டார். விரல் கத்தரிக்காயாக வீங்கிப்போயிற்று.

மறுநாள் காலை டயரை உதைத்தவர் "ஆத்தாடி!" என்று துள்ளினார். "என்னா இது, கல்லு மாதிரி இருக்கு!" கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். அடுத்த டயரும் கல். அதிலும் இறக்கினார். நாலும் கல்லாகத்தான் இருந்தது. இடது காலால் உதைத்துப் பாருங்களேன் என்றேன். "அதுக்கு என்னய்யா தெரியும்?" என்று என்மேல் பாய்ந்தார். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறியதும் வண்டி முக்கி முனகியது. வளைவுகளில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார்.

"அண்ணே, என்னமோ பொசுங்குது" என்றாள் சங்கிலியம்மாள்.

"கணக்குப்பிள்ள பீடியா இருக்கும்."

நான் பீடி குடிப்பதில்லை. இறங்கிப் பார்த்தால் பின் டயர்கள் சப்பையாகப் பிதுங்கி, தொட முடியாமல் தோசைக்கல்லாகக் கொதித்தன. சீட்டுக்கு அடியில் கைப்பம்பு இருந்தது. எவ்வளவு அடிப்பது என்று சொல்லத்தான் கால் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து கர்ணன் மிளகு வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு வந்தான். குருசாமி பெண்களைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் கர்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நொண்டிக்கொண்டே நடுரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டினார்.

"ஏலே கர்ணா... அந்த மீட்டரக் கொஞ்சம் குடுடா."

கர்ணன் வைத்துப் பார்த்தான். "முப்பது இருக்க வேண்டிய எடத்துல பதினாறு இருக்கு மாமா. அதுவும் சூட்டுல. சூடானா கூடத்தான் காட்டும். காலையில எம்புட்டு இருந்துச்சோ!" வியாபாரிகள் சிரித்தார்கள். குருசாமி தலைகுனிந்து நின்றார்; எனக்கே பாவமாக இருந்தது. பெண்கள் முறைபோட்டுக் காற்றடித்தார்கள். போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் பேர் கூப்பிட்டு முடித்திருந்தார்.

சாயங்காலம் திரும்பும்போது, குமுளி பஜாரில் சங்கிலியம்மாள் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கர்ணன் வண்டி அங்கேதான் நின்றது. குருசாமி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தார். கண் கலங்கிவிட்டது.

அவள் கர்ணனைத் தாண்டி ஒரு வண்டிச் சாமான் கடைக்குள் போனாள். திரும்பி வந்தவள் கையில் புது மீட்டர். அதை வெற்றிலைப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவன் எறக்கத்துல கண்ணுமண்ணு தெரியாம பறக்குறாண்ணே. எங்களுக்குப் பிள்ளகுட்டி இருக்கு. நீங்களே ஓட்டுங்க. காத்த மட்டும் இனிமே நாந்தேன் பாப்பேன்."

மறுநாள் விடிகாலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே, அவள் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் குந்தி மீட்டரை வைத்துப் பார்த்தாள். குருசாமி கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நொண்டி நொண்டிப் போனார். நாலையும் பார்த்து முடித்து, "சரி, ஏறுங்க" என்றாள்.

முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவர் குருசாமிதான்.