ஏரிக்குள் இறங்காமல் எடுத்த கணக்கு

எழுபதுகளின் இறுதியில், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், பாகாயத்தில் குடியிருந்த ஆய்வக ஊழியரான நண்பரும் நானும் மாதனூருக்கு உள்ளே தள்ளியிருந்த ஓர் ஏரிக்குப் போனோம். அங்கே தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவுநீரை அந்த ஏரிக்குத் திருப்பக் கால்வாய் வெட்டப்போவதாகப் பேச்சிருந்தது. அந்தத் தொழிலை நம்பி எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ அடுப்புகள் எரிந்தன. அதை எதிர்ப்பது எங்கள் நோக்கமன்று. கால்வாய் வேறு பக்கம் போகட்டும் என்றே கலெக்டருக்கு மனு எழுதியிருந்தோம். அதில் கூடுகளின் எண்ணிக்கை மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது.

காற்று கரையில் நிற்கவிடாமல் தள்ளியது. கிளைகள் ஆடிய ஆட்டத்தில் ஒரே கூட்டை நான் மூன்று முறை எண்ணியிருப்பேன். நாரைகளோ காற்றை எதிர்நோக்கி, இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுகளை மூடியபடி அசையாமல் நின்றன. அந்தப் பிடிவாதத்தை வியந்துகொண்டே, அருகில் போனால் சரியாக எண்ணலாம் என்று தண்ணீரில் இறங்கினோம்.

பத்தடி போவதற்குள் முதல் மரத்திலிருந்து இரண்டு நாரைகள் எழும்பின. இறக்கை விலகியதும் கூட்டின் விளிம்பில் ஒரு குஞ்சு காற்றில் தடுமாறியது.

"இன்னா சார், மேல வாங்க! தாய் இல்லாங்காட்டி காத்து குஞ்ச கீழ தள்ளிடும்!"

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் கத்தினார். எங்கள் வயதுதான் இருக்கும். வெட்கத்துடன் திரும்பினோம். நாரைகள் மறுபடி அமர்ந்த பிறகே அவர் அரிவாளைக் கையிலெடுத்தார்.

நண்பர் மனுவைப் பற்றிச் சொன்னார்.

"கூடு எத்தினின்னு தெரியணுமா? அதுக்கா தண்ணில எறங்கினீங்க? மரத்துக்காரங்கள கேட்டா சொல்லிட்டுப் போறாங்க."

அந்த ஊரில் வயலுக்குத் தண்ணீர் விடும் முறை வீட்டுவாரியாக இருந்தது. அதே வரிசையில் மரங்களையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விறகு வெட்டவோ முட்டை எடுக்கவோ யாரும் அண்டாமல் காப்பது அந்தந்த வீட்டின் பொறுப்பு. நாரைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கிறது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். அரசு ஆணை ஏதுமின்றி நடந்துவந்த இந்த ஏற்பாட்டை, சமூகத்தைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய நான் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பெண் கரைநெடுகப் புல் அறுத்தவர்களுக்குக் குரல் கொடுத்தார். "ஏ அண்ணி, உங்க மரத்துல எத்தினி?"

"ஏழு! ஏன், பொண்ணு கேட்டு வந்துகிறாங்களா?"

சிரிப்பு காற்றோடு வந்தது. நான் எழுதிக்கொண்டே போனேன்.

நண்பருக்கு ஐயம் தீரவில்லை. வாய்ச்சொல் தவறென்று பிறகு தெரிந்தால் மனு முழுவதுமே பொய்யாகிவிடும் என்றார். அதில் நியாயம் இருந்தது. எங்களைக் கரையேறச் சொன்ன பெண்ணின் வீட்டு மரம் கரைக்கு மிக அருகில் நின்றது. அதில் பதினொரு கூடுகள் என்று சொல்லியிருந்தார். காற்று சற்றுத் தணியும்வரை பொறுத்திருந்து, கரையில் குப்புறப் படுத்து, பைனாகுலரில் எண்ணினோம்.

"பத்துதாம்மா இருக்குது" என்றார் நண்பர்.

"நல்லா பாருங்க சார்."

மீண்டும் பத்து. நண்பர் பென்சிலை எடுத்துத் திருத்தப் போனார். அப்போது உச்சியிலிருந்த நாரை எழுந்து உடலைத் திருப்பியது. அதன் பின்னால் இன்னொரு கூடும், அதற்குள் மூன்று சிறு கழுத்துகளும் தெரிந்தன.

நண்பர் பென்சிலை என்னிடம் நீட்டினார். மனுவில் எண்ணிக்கையை நிரப்பி, அதன் கீழே, "கணக்குக் கொடுத்தவர்கள்: மரங்களைக் காத்துவரும் வீட்டார்" என்று எழுதினேன்.