தூண்டிலுக்கு எழுதிய மனு

விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மடக்கு மேசை போட்டு மனு எழுதுவது என் பிழைப்பு. திங்கட்கிழமை மனு நாள். திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தால்தான் நிழலில் இடம் கிடைக்கும். நான் எழுதிய மனு லேசில் தள்ளுபடி ஆகாது என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. இப்போது இல்லை.

போன வருஷம் ஒரு திங்களன்று, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் முறிந்த மூங்கில் கழியோடு வந்து நின்றார். ஏரிக்கரையில் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையில் மதகின் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர். கிடைப்பதில் பாதி குழம்புக்கு, பாதி ரோட்டோரத்தில் விற்பனைக்கு. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே தூண்டிலால்தான். அந்த வருஷம் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆட்கள் கழியைப் பிடுங்கி முறித்துப் போட்டுவிட்டார்கள்.

"அவுங்க உட்டது கட்லா குஞ்சுண்ணா. நான் புடிக்கறது கெளுத்தியும் குறவையும். அத யாரும் கொண்டாந்து உடல, மழத்தண்ணில அதுவா வந்தது. அதுவும் அவுங்களுதா?"

இதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் போதும். நான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி. உள்நாட்டு மீன்வளச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், தூண்டிலுக்கும் லைசென்ஸ் வரப்போகிறது என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பேப்பர் படிக்கிறவன் அல்லவா, விடுவேனா? "லைசென்ஸ் கேட்டே எழுதிடலாம்மா, அப்புறம் எவனும் கிட்ட வரமாட்டான்" என்றேன்.

அதோடாவது நிறுத்தினேனா? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பட்டா கேட்டாலும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கேட்டாலும், மனுவின் கடைசியில் ஒரு வரி குனிந்து மன்னிப்புக் கேட்டுவிடுவோம். அதிகாரியின் மனம் இளகும் என்பது மேசை போட்ட எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. 'உரிமம் இல்லாமல் இதுநாள்வரை மீன் பிடித்த பிழையைப் பொறுத்து, உரிமம் வழங்கிட வேண்டுகிறேன்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"நான் இன்னாண்ணா தப்பு பண்ணேன்?" என்றார்.

"தப்பு இல்லம்மா. ஒரு மரியாதைக்கு எழுதறது. கையெழுத்து போடுங்க."

எழுத்து எழுத்தாகப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து விசாரணைக்குத் திண்டிவனத்துக்குக் கூப்பிட்டார்கள். தூண்டில்காரனுக்குத் தக்கை மேலே கண் என்பார்கள். எனக்கு நான் எழுதிய மனு மேலே கண். அது ஜெயிப்பதைப் பார்க்க நானும் கூடப் போனேன். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "தூண்டிலுக்கு லைசென்ஸ் குடுக்க இப்ப வழி இல்லம்மா. சட்டம் மாறினா பாக்கலாம்" என்றார்.

எதிர் நாற்காலியில் குத்தகைக்காரர். கையில் மனுவின் நகல். அவர் விரல் நேராக என் கடைசி வரியில் போய் நின்றது. "பெர்மிஷன் இல்லாம புடிச்சது தப்புன்னு அவுங்களே எழுதிக் குடுத்துக்கீறாங்க சார்."

அதிகாரி இரண்டு முறை படித்தார். "இது உங்க கையெழுத்துதானம்மா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அந்த வரி என்னுடையது, 'நான் என்ன தப்பு பண்ணேன்' என்று அவர் அப்போதே கேட்டார் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொன்னால் மேசைக்கு எவன் வருவான் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"ஆமாங்க, என்னுதுதான்" என்றார்.

இனி அந்த ஏரியில் தூண்டில் போடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு மேல் நடவடிக்கை இல்லாமல் விட்டுவிடலாம் என்று முடிவானது. யார் எழுதுவது என்று சுற்றிப் பார்த்த அதிகாரி என்னிடம் பேப்பரை நீட்டினார். கடகடவென்று எழுதி முடித்தேன்.

பேனாவை வாங்கிக்கொண்ட அந்த அம்மா உடனே கையெழுத்துப் போடவில்லை.

"இதுலயும் நான் தப்பு பண்ணேன்னு எழுதிக்கீறீங்களாண்ணா?"

எழுதியிருந்தேன்.