பந்தாட்டக்காரருக்கு எடுத்த ஊர்வலம்

சிங்கப்பூரிலிருந்து ஜோகூருக்குப் பாலம் போடாத காலம். உட்லண்ட்ஸ் வரை ரயில், அதற்கு மேல் படகு. அப்படி அக்கரைக்குப் போன எங்கள் சிராங்கூன் சாலைப் பையன் ஒருவன் பந்து உதைத்துச் சம்பளம் வாங்குகிறான் என்று செய்தி வந்தபோது யாரும் நம்பவில்லை. ஈயச் சுரங்கக் கம்பெனி ஒன்று அவனைக் கிடங்குக் கிராணி, அதாவது குமாஸ்தா, என்று பதிவு செய்திருந்தது. கிடங்குச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. கம்பெனி அணிக்கு கோல் போட வேண்டும், அதுதான் உத்தியோகம். நான் ஆயுசு முழுக்க சர்க்கார் ஆபீசில் நிஜமான கிராணியாக இருந்தவன். என் வேலையைப் பார்க்க யாரும் வேலிமேல் ஏறியதில்லை.

அவன் இங்கே குதிரைப் பந்தயத் திடல் ஓரத்தில் பந்து உதைத்துத் திரிந்த நாளில், மாடுகள் மிரள்கின்றன என்று போலீசுக்கு மனுக் கொடுத்தவர் எங்கள் காண்டிராக்டர். ஊருக்குக் கல்லும் மணலும் ஏற்றும் மாட்டு வண்டிகளில் பாதி அவருடையவை. மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். நல்ல மனு. பத்திரிகையில் அவன் பெயர் வெள்ளைக்கார ஆட்டக்காரர்களின் பெயர்களுக்கு நடுவே அச்சாகி வந்த மறுநாளே அதே காண்டிராக்டர், "நம்ம புள்ளைக்கு ஒரு மரியாதை செய்ய வேணாமா?" என்று கமிட்டி கூட்டினார். அவர் தலைவர். தீர்மானம் எழுத ஓர் ஆள் வேண்டுமே, நான் செயலாளர்.

கோயில் வாசலிலிருந்து திடல் வரை அலங்கரித்த மாட்டு வண்டியில் ஊர்வலம், திடலில் மேடை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப் பத்திரம். போலீஸ் பெர்மிட்டை ஒரே காலையில் வாங்கிவிட்டேன். மேடையில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது, யாருக்கு எத்தனையாவது மாலை என்பதை முடிவு செய்யத்தான் மூன்று கூட்டங்கள் ஆயின. மூன்றாவது கூட்டம் கலையும்போது யாரோ கேட்டார்கள்: "அது சரி, பந்தாட்டக்காரன் எங்க ஒக்காருவான்?" அவனுக்கும் ஒன்று போட்டோம்.

விழாவுக்கு முதல் நாள் அவன் வந்து சேர்ந்தான். நேரே என் அறைக்கு வந்து, நின்றுகொண்டே பேசினான்.

"ஐயா, மாலை, பத்திரம் எல்லாம் ஒங்க இஷ்டம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். மேடையில எங்கப்பாவ என் பக்கத்துல ஒக்கார வைங்க."

அவன் தகப்பனார் காண்டிராக்டரின் வண்டிக்காரர். மாட்டுக் கொட்டகையிலேயே குடியிருந்தார். முதலாளி உட்காரும் மேடையில் வண்டிக்காரர் உட்காருவதா என்பது ஒரு சங்கடம். இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்தவர்கள் மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் துறைமுகச் சோதனையில் அவிழ்த்துக் காட்டினார்கள். சாதியை மட்டும் மடியில் மறைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி, "நிகழ்ச்சி நிரல் அச்சாயிருச்சே, கிராணியாரே" என்றார். பிறகு முகம் மலர்ந்தது. "அவனுக்கு எடம் இல்லேன்னு யாரு சொன்னா? ஊர்வலத்துல எல்லாருக்கும் முன்னால போகப்போறதே அவன்தான்."

அது உண்மைதான். வண்டி மாடுகளைக் கயிறு பிடித்து நடத்தப் போகிறவர் அவர்.

அச்சான நிகழ்ச்சி நிரலில் நாற்காலிக் கணக்கே கிடையாது. செயலாளர் ஒரு துண்டுச் சீட்டு எழுதினால் ஒரு நாற்காலி கூடுதலாக வந்துவிடும். இந்த விதி எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. நான் பையனிடம் போய், "உன் கோரிக்கை கமிட்டியின் பரிசீலனையில் இருக்கிறது" என்றேன்.

"அப்படின்னா இல்லேன்னு அர்த்தம்" என்றான். "எங்க கம்பெனியிலயும் இப்படித்தான் சொல்லுவாங்க."

மறுநாள் மாலை ஊர்வலம் புறப்பட்டது. கழுத்தில் ரோஜா மாலையோடு அவனை வண்டியில் ஏற்றினார்கள். முன்னால் சலவை வேட்டி, இடுப்பில் துண்டு, கையில் கயிறோடு தகப்பனார். நாலு கடை தாண்டியிருக்காது. பையன் வண்டியிலிருந்து குதித்தான். மேளம் நின்றது.

"அப்பா, நீங்க ஏறுங்க. மாட்ட நான் புடிக்கிறேன்."

"ஏறுடா பேசாம. மொதலாளி பாக்குறாரு."

"பாக்கட்டும்."

"கயித்த விடு. இது பந்து இல்ல, ஒன் காலு சொல்றபடி போக. சின்ன மாடு மெரண்டா நகைக் கடைக்குள்ள பூந்துரும்."

தகப்பனார் ஏறவில்லை. மகனும் திரும்ப ஏறவில்லை. இருவரும் ஆளுக்கொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டே இருந்தது. தலைவர் என்னிடம் வந்தார்.

"பெர்மிட்டுல என்ன போட்டிருக்கு?"

"அலங்கரித்த வண்டி ஒன்று என்று. உள்ளே யார் என்று போடவில்லை."

"அப்ப சரி. பூவெல்லாம் வீணாப் போவுதே" என்று அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மாடி ஜன்னல்களிலிருந்து அவர்மேல் பூ விழுந்தது. அவர் கைகூப்பினார். சீன மளிகைக் கடைக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, பந்தாட்டக்காரர் இவர்தானா, இந்த வயிற்றோடு ஓடுகிறாரா என்று மலாயில் விசாரித்தார். இவர் கோல் காக்கிறவர், ஓடத் தேவையில்லை என்று சொல்லி வைத்தேன்.

திடலில் தலைவர் இறங்கியதும் அப்பனும் மகனும் மாடுகளை அவிழ்த்துக் கொட்டகைப் பக்கம் திருப்பினார்கள். நான் ஓடினேன்.

"தம்பி, மேடை இந்தப் பக்கம்."

அவன் நின்றான். "எங்கப்பா எங்க ஒக்காருவாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. பதில் வரும் என்று உண்மையாகவே காத்திருந்தான். தகப்பனாரோ மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். மேடையில் என் நாற்காலி ஓரத்தில் காலியாக இருந்தது. அதைக் கொடுக்கத் தீர்மானம் வேண்டியதில்லை, முன்மொழிய வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"தலைவரைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றேன்.

கேட்டுவிட்டுத் திரும்பியபோது அங்கே சாணம்தான் இருந்தது.

நிகழ்ச்சி நிரல்படி விழா நடந்தது. நாயகர் இல்லாத இடத்தில் அவர் சார்பில் தலைவர் வாழ்த்துப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டார். அதை வழங்கியவரும் அவரே என்பதால் இடது கையால் கொடுத்து வலது கையால் வாங்க வேண்டியதாயிற்று. பேச்சுகள் எல்லாம் நன்றாக அமைந்தன. குறிப்பேட்டில், "தவிர்க்க இயலாத காரணத்தால்" என்று எழுதினேன்.

அந்த வாரமே மகன் தகப்பனாரை அக்கரைக்கு அழைத்துப் போய்விட்டான். சில நாள் கழித்துத் தலைவர் என் அறைக்கு வந்தார். சின்ன மாடு வேறு யாருக்கும் அடங்கவில்லை; ஒருவனை முட்டித் தள்ளிவிட்டது; வண்டிக்காரர் தேவை என்று ஒரு விளம்பரம் எழுத வேண்டும்.

எழுதிக்கொண்டே, பழைய ஆள் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"கெடங்கு வாசல்ல காவலாம்" என்றார் தலைவர். ஊரே தன்னை ஏமாற்றிவிட்டது போல அவர் முகம் இருந்தது. "நாற்காலி போட்டுக் குடுத்திருக்கானாம் வெள்ளைக்காரன். நாள் முச்சூடும் ஒக்காந்தே இருக்கிற வேலையாம்."