ராஜமணி அண்ணாச்சியின் தூசி வாளி

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களில் ஒன்றில் ராஜமணி அண்ணாச்சியின் வீடு இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் துணி துவைக்கும் கல். தீப்பெட்டி ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முன்னறையில் மனைவி பிரேமாவின் கட்டில். பின்னறையில் ஒரு சிஎன்சி மெஷின். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அதுவே மரத்தில் செதுக்கும். பாகம் பாகமாக வரவழைத்து அண்ணாச்சியே கோத்தது. தொழிலுக்கு இல்லை, ஆசைக்கு.

நான் அந்த வீட்டுக்கு நர்ஸாகப் போனது பிரேமாவைப் பார்த்துக்கொள்ள. நிமோனியா முற்றி, வெகுநாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து, தொண்டையில் துளையிட்டு வைத்த குழாயோடு வீடு திரும்பியிருந்தாள். அப்படிக் குழாய் வைத்தவர்களுக்கு மூக்கு வழியாகக் காற்று போவதில்லை. காற்றை வடிகட்டி ஈரமாக்கி அனுப்புவது மூக்கின் வேலை. அந்த வேலைக்கு ஆள் இல்லாதபோது தூசி நேராக நெஞ்சுக்குள் போகும். சளி கெட்டியாகிக் குழாய் அடைத்துக்கொண்டால் சக்‌ஷன் மெஷினால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போகும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பல வீடுகளில் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அண்ணாச்சி ஒரு தடவை பார்த்தார், மறு தடவை அவரே செய்தார். கை கழுவுவது, உறிஞ்சும் குழாயின் நுனியில் விரல் படாமல் உறையைப் பிரிப்பது, சளி சேரும் ஜாடியைக் கழுவிக் காயவைப்பது எதிலும் பிசகில்லை.

ஆனால் போன அன்றே ஜன்னல் கம்பியைத் துடைத்துப் பார்த்தேன். துணியில் மஞ்சள் மாவாக ஒட்டியது, மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் தூள். அந்த மெஷின் இனி ஓடக்கூடாது என்றேன்.  அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய போர்வையைப் போட்டு மூடினார்.

பிரச்சினை மறுநாளே தொடங்கியது. பிரேமா சாப்பிடவில்லை. உட்காரவைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன கோபம் என்று கேட்டேன். தொண்டைக் குழாயின் வாயை விரலால் அடைத்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும். அடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவிய மெஷின்னு நெனச்சு நிறுத்திப்புட்டீங்க. அதுல போடுத கோலம் பூரா என்னோடது அக்கா."

உண்மைதான். புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தை டேப்லெட்டில் வரைவது அவள். அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிப் பலகையில் செதுக்குவது அவர். தெருவில் பால் காய்ச்சிய வீடு ஒவ்வொன்றிலும் இவர்கள் கொடுத்த பலகை ஒன்று தொங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் படுத்தபடியே வரைந்து வைத்திருக்கிறாள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தால் எழுந்து உட்காருவார்கள். இல்லையென்றால் மருந்து மட்டும் போதாது. ஆகவே மெஷினை ஓடவைப்பதும் என் வேலைக்குள் வந்துவிட்டது.

அதை வேறெங்காவது வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. அண்ணாச்சியோடு ஆலையில் இருந்த சின்னக்கருப்பன், கயத்தாறு ரோட்டில் தன் குடோனில் இடம் தருவதாகச் சொன்னார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். நான் இல்லாத நேரத்தில் குழாய் அடைத்துக்கொண்டால் பிரேமாவால் கூப்பிட முடியாது, கட்டில் கம்பியில் தட்டத்தான் முடியும். அந்தச் சத்தம் எட்டும் தூரத்தைவிட்டு அவர் போகமாட்டார்.

முதலில் அவர் செய்தது தீப்பெட்டி ஆலைக்காரர் செய்யக்கூடிய காரியம். நெருப்புக்குப் பயந்து எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் ஈரச் சாக்கு வைத்துப் பழகியவர். இரண்டு அறைக்கும் நடுவாசலில் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார், தரையிலும் தண்ணீர் தெளித்தார். பிரேமாவைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார். தூசி சாக்கில் நன்றாகத்தான் ஒட்டியது. மறுபடியும் நனைத்து அப்படியே விட்டுவைத்தார். ஒரு வாரத்துக்குள் சாக்கில் பூசணம் பூத்தது. பிரேமாவின் சளி நிறம் மாறியது. இரவில் காய்ச்சல் அடித்தது. காலையில் நான் வந்து சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டுத் தெருவில் வீசினேன். டாக்டர் மருந்து மாற்றிக் கொடுத்தார். இன்னொரு தரம் இப்படி ஆனால் அட்மிட் பண்ண வேண்டியிருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று அண்ணாச்சி மெஷினை விற்றுவிடுகிறேன் என்றார். பிரேமா விரலை வைத்து அடைத்தாள்.

"விப்பீய. சாக்குத் தொங்கப் போடத் தெரியுது, வேற ஒண்ணும் தெரியலயோ?"

அவர் சக்‌ஷன் ஜாடியைக் கழுவ எடுத்துப்போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. என்னவென்று போய்ப் பார்த்தேன். துவைக்கும் கல்லில் ஜாடியை வைத்து, மூடியில் உள்ள இரண்டு துளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் நோயாளிக்குப் போகும் குழாய், மற்றதில் மோட்டாருக்குப் போகும் குழாய். சளி நடுவில் ஜாடியிலேயே விழுந்துவிடுகிறது, மோட்டாருக்குப் போவதில்லை.

"அக்கா, இதத்தான தினமும் கழுவுதேன்" என்றார்.

பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்து மூடியில் இரண்டு துளை போட்டார். ஒன்று மெஷினிலிருந்து, மற்றது வேக்கம் கிளீனருக்கு. காற்று வாளிக்குள் சுழன்றால்தான் தூள் அடியில் இறங்கும் என்று, வரும் குழாயைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். செதுக்கும் பிட் முனையைச் சுற்றிப் பிரஷ் மயிரால் பாவாடை மாதிரி ஒன்று கட்டினார். தூள் வெளியே சிதறாமல் அங்கேயே உறிஞ்சப்படுவதற்காக அது. பிளாஸ்டிக் குழாயில் தூள் உரசி ஓடினால் பொறி வரலாம் என்ற பயத்தில் செம்புக் கம்பியைக் குழாய் நெடுகச் சுற்றி எர்த்தில் கொடுத்தார். ஆலைப் புத்தி இந்தத் தடவை நல்லதற்கு உதவியது.

சோதனைக்குப் பிரேமாவைச் சக்‌ஷன் மெஷினோடு மறுபடி பக்கத்து வீட்டு செல்வலட்சுமியிடம் கொண்டுபோனோம். காலியான கட்டிலில் வெள்ளைத் துணியை நனைத்து விரித்தேன். மெஷின் ஓடி முடிந்தது. வாளி நிறையத் தூள் இருந்ததைப் பார்த்து அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. நான் துணியைக் காட்டினேன். லேசாக மஞ்சள். வாளிக்குத் தப்பிய நுண்தூள் வேக்கம் கிளீனரின் முதுகு வழியாக அறைக்குள்ளேயே வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததுதான் நெஞ்சின் அடிவரைக்கும் போகும் என்றேன். அண்ணாச்சிக்கு முகம் வாடியது. சுவரில் துளையிட்டு வேக்கம் கிளீனரை வெளியே கூண்டு கட்டி வைத்தார். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் அதிலிருந்து காற்று வெளியேறும் வாயைக் கிழக்குப் பக்கம் திருப்பினார். நடுவாசலுக்கு ரப்பர் விளிம்பு வைத்த கதவும் போட்டார்; கதவைச் சாத்தி மெஷின் ஓட்டும்போது பிரேமா பக்கத்தில் நான் இருப்பது என்று ஏற்பாடு.

அடுத்த சோதனையில் துணியைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துணி அழுக்காக இருந்தது. நான் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் இல்லை, கறுப்பு.

"இது மெஷின் தூசி இல்ல அண்ணாச்சி. கரிசக்காட்டுத் தூசி. ஜன்னலத் தொறந்து வச்சிருக்கீய" என்றேன்.

ஜன்னலுக்கு நெருக்கமான வலை அடித்து மறுபடி பார்த்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது.

பிரேமாவை அவளுடைய கட்டிலிலேயே உட்காரவைத்து, பக்கத்தில் சக்‌ஷனைத் தயாராக வைத்துக்கொண்டு, போடுங்கள் என்றேன். கதவுக்கு அப்பால் மெஷின் இரைந்தது. நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன், கூடவில்லை. முடிந்ததும் உறிஞ்சிப் பார்த்தேன். வந்த சளி தெளிவாக, கொஞ்சமாக இருந்தது. அந்த மாதமும் அதற்கடுத்த மாதங்களும் அப்படியே இருந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

நோயாளி வீட்டில் இதைச் செய்யாதே, அதைத் தொடாதே என்று சொல்கிறவளை யாருக்கும் பிடிக்காது. சொன்னதைக் கேட்பது போலக் கேட்டு, நான் வாசலைத் தாண்டியதும் தங்கள் வழியில் செய்த வீடுகளையே அதிகம் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் கேட்டார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அதற்காக நான் அவருக்கு நன்றி உள்ளவள். அவர் எனக்குச் சொல்லும் நன்றியைவிட அது பெரிது.

மெஷினை மறுபடி ஓட்டிய அன்றைக்கே பலகையைத் துடைத்து அவர் கொண்டுவந்து காட்டினார். பிரேமா மடியில் வைத்து, சிக்கு ஓடும் வழியில் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு மூலையில் விரல் நின்றது. மறு கையால் தொண்டையை அடைத்தாள்.

"இங்கன ஒரு புள்ளி விட்டுப்போச்சு. வேற பலக எடுத்துப் போடுங்க."

அண்ணாச்சி பலகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.