டர்போ தண்ணீர் லைனில் நான் சுற்றிய டேப்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சில சாமான்களின் பெயர்கூட மறந்துபோகிறது. கராஜ் வேலை பழக வரும் பெண் பிள்ளைகளுக்காக நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு பலாங்கொடை ரோட்டில் ஒரு கராஜில் சேர்ந்தேன். முதலில் கழற்றிய பார்ட்ஸைக் கழுவுகிற வேலை. பெரிய கை நுழையாத இடத்துக்கு பாஸ் என்னைக் கூப்பிடுவார். பாஸ் என்றால் மெக்கானிக், கராஜும் அவருடையதுதான். சிங்களவர், தமிழும் பேசுவார். இரண்டு வருஷத்தில் ஹோஸ் மாற்றவும் ரேடியேட்டர் கழற்றிப் பூட்டவும் பழகிவிட்டேன். வாய் மட்டும் திறக்க மாட்டேன். ஏதாவது கேட்டால் தலையாட்டுவேன்.

எங்கள் தோட்டத்து ரவி ஒரு டர்போ கார் வைத்து ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடினான். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஹயர் எடுக்க மாட்டான். அன்றைக்கு அவனுடைய அம்மாவை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு, இரத்தம் சுத்தம் செய்யக் கொண்டுபோவான். ஒரு தடவை தவறினாலும் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டும்.

ஒரு சனிக்கிழமை அந்தக் காரில் டர்போவுக்குத் தண்ணீர் போகிற சின்ன லைன் கசிந்தது. டர்போ பயங்கரச் சூட்டில் சுற்றுகிற சாமான். என்ஜினின் கூலன்ட் தண்ணீர் அதற்குள்ளும் ஓடித்தான் அதைக் குளிரவைக்கும். லைனின் நுனியில் ஒரு வளையம். அதற்குள் பேன்ஜோ போல்ட் போகும். அந்த போல்ட்டின் உள்ளே குழாய் போலக் குடைந்திருக்கும். அதன் பக்கத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் தண்ணீர் போகும். வளையத்துக்கு மேலே ஒரு செம்பு வாஷர், கீழே ஒன்று. கசிவை அடைப்பது வாஷர்தான், மரை அல்ல. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் குடம் வைத்துப் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் அடிக்கடி கழன்றுகொள்ளும். மரையில் வெள்ளை டேப் சுற்றி நாங்களே இறுக்குவோம். பாஸ் வெளியே போயிருந்தார். நான் அந்த போல்ட்டுக்கும் அப்படியே ஏழெட்டுச் சுற்று சுற்றி இறுக்கினேன். ஒரு சொட்டு வரவில்லை. பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை போயா, பௌர்ணமி லீவு. பாஸின் வீடு கராஜுக்குப் பின்னால் என்பதால் நாங்கள் அரை நாள் வேலை செய்தோம். ரவி வந்தான்.

"மேடு ஏறி வந்து ஓஃப் பண்ணுனா கூலன்ட் போத்தல் கொதிக்குதுங்க பாஸ். தண்ணிய வெளிய தள்ளுது."

பாஸ் போத்தலில் குமிழ் வருவதைப் பார்த்தார். "ஹெட் கேஸ்கட் போயிருக்கு. ஹெட் கழட்டணும். நாலு நாள் போகும்." ஹெட் என்பது என்ஜினின் மேல்பாகம், அதற்கு அடியில் இருக்கிற தகடு கேஸ்கட்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமைங்க. அம்மாவ எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"பஸ்ல போக ஏலாதா?"

"ரோட்டுக்கே ரெண்டு கட்டை நடக்கணுங்க. அவங்களால நடக்க முடிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்? எங்க மேட்டுக்கு வேற வாகனம் வராதுங்க."

பாஸ் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தார். நான் கிட்டே போனேன்.

"ஹெட்டு இல்ல பாஸ்," என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் தண்ணி லைன் போல்ட்டுக்கு டேப்பு சுத்திட்டேன். பீலிக்குச் சுத்துற டேப்பு."

பாஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். "அக்கே, இது டர்போ. உங்க லயத்துப் பைப் இல்ல."

"பெரியம்மா, என் காருல குடம் வைக்கலாம்னு பாத்தீங்களா?" என்றான் ரவி. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நானே கழட்டுறேன். அதுல ஒண்ணும் இல்லேன்னா ஹெட்ட கழட்டுங்க."

என்ஜின் ஆறும்வரை காத்திருந்து போல்ட்டை எடுத்தேன். டேப் கிழிந்து துளைக்குள் திரியாகச் சுருண்டிருந்தது. லைனுக்குள் கம்ப்ரெஸர் காற்று அடித்தபோது இன்னும் இரண்டு துண்டு வெளியே வந்தது. தண்ணீர் ஓடாமல் டர்போவுக்குள்ளேயே கொதித்திருக்கிறது.

வாஷர் இரண்டிலும் பள்ளம் விழுந்திருந்தது. போயா நாள், கடை இல்லை. பாஸ் அவற்றைக் கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். அப்படிச் செய்தால் செம்பு மிருதுவாகுமாம். கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் எமரி பேப்பரை விரித்து நான் தேய்த்தேன். டேப் இல்லாமல் பூட்டினோம். ஓட்டிப் பார்த்தால் ஓரம் ஈரமாக இருந்தது. மறுபடி ஆறவிட்டு, கழற்றி, பள்ளம் முழுதும் மறையும்வரை தேய்த்தேன். கூலன்ட் நிரப்பி, ஹீட்டரைத் திறந்து, குமிழ் நிற்கும்வரை ஹோஸை அமுக்கினேன். பிறகு நானும் ரவியும் காரில் ஏறித் தோட்டத்து மேட்டை மூன்று தடவை ஏறி இறங்கினோம். லைன் காய்ந்தே இருந்தது, ஓஃப் பண்ணியபோது போத்தலும் கொதிக்கவில்லை.

மறுநாள் காலை ரவி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டான். "அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க பெரியம்மா. போத்தல்ல தண்ணி கொறையல."

பிள்ளைகளே, தப்பு செய்தவளுக்குத்தான் எங்கே தேடவேண்டும் என்பது முதலில் தெரியும். வெட்கப்பட்டு நின்றால் நல்ல ஹெட்டைக் கழற்றிவிடுவார்கள்.

அந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று பாஸ் கையால்தான் காட்டினார். கணக்கு எனக்குத் தெரியாது. வாஷரைக் காய்ச்சிய விதத்திலும் ஏதாவது விட்டிருப்பேன். வேலை தெரிந்த ஒருவர் இதைப் பார்த்து, தப்பானதை அடித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அதற்கு முன் என் பேச்சை நம்பி ஒருவரும் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.