அண்ணனின் வலது தோள்

அண்ணன் கம்பத்திலிருந்து விழவில்லை. திருவேங்கடம் சாலையில், மழைக்குப் பிறகு கரிசல் இளகி லேசாகச் சாய்ந்திருந்த ஒரு மின்கம்பத்தில் ஏறியிருக்கிறான். உச்சிக்குப் பக்கத்தில் கால் வழுக்கிவிட்டது. வலது கை குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. முழு உடம்பும் அந்த ஒரு கையில் தொங்க, கீழே நின்றவர்கள் ஏணியைக் கொண்டுவந்து சாத்தும்வரை அவன் பிடியை விடவில்லை. இறங்கிய பிறகு கை மேலே எழும்பவில்லை.

"உசுரு பொழச்சதே பெருசு. வலி ரெண்டு நாள்ல போயிரும்" என்று அன்று சாயங்காலம் போனில் சொன்னான். சிரிக்கக்கூடச் செய்தான்.

சங்கரன்கோவில் மின் அலுவலகத்தில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. அப்போது பதினாறு வருடமாகக் கம்பம் ஏறிக்கொண்டிருந்தான், நிரந்தரமாகியிருக்கவில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவன்தான். நான் படித்து, சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, வளர்த்து, எண்ணிக் கொடுப்பது என் வேலை. ஊரில் யாராவது தங்கச்சி என்ன பண்ணுகிறாள் என்று கேட்டால், "செல்லு வளக்கா" என்பான். கேட்டவர்கள் அதைக் கைபேசிக் கடை என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ரெண்டு நாள் ரெண்டு வாரமாகியும் கை எழும்பவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, தசையைத் தோள் எலும்போடு பிணைக்கும் நாண் பெரும்பகுதி கிழிந்திருப்பது தெரிந்தது. ஊரில் அதை ஜவ்வு கிழிஞ்சிட்டு என்பார்கள். தைக்க வேண்டும், தைத்தாலும் பழைய பலம் வருமா என்பது சந்தேகம் என்றார்கள்.

எங்கள் மருத்துவமனையில் அப்போது இதே பிரச்சினைக்கு ஒரு பரிசோதனைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. சேருகிறவர்களின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் செல்களை வளர்ப்போம். சில வாரம் கழித்துத் தோளில் அறுவை செய்து நாணைத் தைக்கும்போது, அந்த இடத்திலேயே ஊசியாகப் போடுவார்கள். ஆனால் எல்லாருக்கும் செல் கிடைக்காது. பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடும் டாக்டருக்கும் தெரியாது. ஊசிக்குழலில் வெள்ளித்தாள் சுற்றித்தான் அனுப்புவோம்.

நான்தான் அண்ணனைக் கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, செல்லு போட்டா கிழிஞ்ச எடம் புதுசா வளந்துரும். பழைய கை மாதிரியே ஆயிரும்."

ஆய்வகத்தில் நான் ஒருநாளும் அப்படிப் பேசமாட்டேன். உதவலாம், உதவாமலும் போகலாம், இன்னும் தெரியாது என்றுதான் எங்களுக்குப் பேசச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனையில் டாக்டரும் அவனிடம் அதையே பொறுமையாகச் சொன்னார். பாதிக்குப் பாதி உப்புத் தண்ணீர் என்பதையும் ரெண்டு தடவை சொன்னார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, வெளியே வந்ததும், "நீ சொன்னா சரிதான் ஏட்டி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அவன் என் அண்ணன் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். அதனால் அவனுடைய செல் வளரும் குடுவைகளை நான் தொடக்கூடாது என்றார்கள். கூட வேலை பார்க்கும் பெண் அதைப் பார்த்துக்கொண்டாள். குடுவைகளில் எண் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் இன்குபேட்டரைத் திறக்கும்போது இதில் எது அண்ணனுடையது என்று கண் தேடும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் செல்கள் அடியில் ஒட்டிக்கொண்டு, நீளநீளமாக, ஒரே திசையில் நீந்தும் மீன்குஞ்சுகள் போல இருக்கும். யாருடையதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே, நல்லா வளரு என்று மனதுக்குள் சொல்லியிருக்கிறேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்தோடு தொட்டில்போலத் துணியில் கட்டியிருக்க வேண்டும், ஆறு மாதம் கனம் தூக்கக்கூடாது, கம்பத்தைப் பற்றி ஒரு வருடத்துக்கு நினைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாவது மாதம் ஒருநாள் போன் பண்ணினான். "ஏட்டி, இன்னைக்கு நானே தலை சீவிட்டேன்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எனக்குச் செல்லுதான் போட்டிருக்காங்க. உப்புத் தண்ணிக்கு இப்பிடிக் கேக்குமா?"

நானும் அப்படித்தான் நம்பினேன். தைத்த நாண் ஆறுகிற சமயத்தில் வலி முதலில் போய்விடும், பலம் ரொம்பப் பின்னால்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். அதை அன்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. "பாத்தியா, நான் சொன்னேம்லா" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், கம்பம் ஏறிக் காட்ட வேண்டும் என்று அவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. வயது வரம்பைப் பார்த்தால் அதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்திருக்கும். மதினியிடம், "கை வளந்துட்டு, தங்கச்சியே சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

மதினிதான் எனக்குப் போன் பண்ணினாள். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

"பாதிக் கம்பம் ஏறிட்டாவ. அங்கனயே என்னமோ அறுந்த மாதிரி சத்தம் கேட்டிச்சாம். எறங்கி வந்து ஒண்ணும் பேசாம உக்காந்துட்டாவளாம். வீட்டுக்கு வந்தும் பேசல. நீயாச்சும் பேசும்மா."

போனை அவன் கையில் கொடுத்தாள். "அண்ணே" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

சென்னைக்கு அழைத்து வந்து ஸ்கேன் எடுத்தோம். தைத்த இடம் முழுதாக அறுந்து, நாண் உள்ளே சுருங்கிப் போயிருந்தது. மறுபடி தைக்க முடியாத அளவுக்கு. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்காக, அவனுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரிக்கச் சொன்னார் டாக்டர். செல் என்று இருந்தது.

மருத்துவமனை வளாகத்து வேப்பமரத்தடியில் ரெண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டான். "எனக்கு வெறும் தண்ணிதானே போட்டிருக்காங்க?"

தண்ணீர் என்று சொல்ல வேண்டும் என்று அவன் எதிர்பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. தண்ணீராக இருந்தால் அவனுக்கு அதிர்ஷ்டம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டாக்டர் எப்படியும் சொல்லிவிடுவார் என்று அப்போது தோன்றியது. இல்லாவிட்டாலும் அவனிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"இல்லண்ணே. செல்லுதான்."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அப்பம் நாந்தான் கெடுத்துட்டேன்" என்றான்.

செல் போட்டவர்களுக்கும் இப்படி ஆகலாம், நான்கே மாதத்தில் கம்பம் ஏறினால் எதைப் போட்டிருந்தாலும் தாங்கியிருக்காது, நீ ஏறினதற்குக் காரணம் நான் பேசின பேச்சு என்று எல்லாம் சொல்ல வாய் வரை வந்தது. முதல் ரெண்டையும் சொன்னேன். மூன்றாவதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது அதே மின் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலையில் இருக்கிறான். அங்கிருந்த பொறியாளர் இரக்கப்பட்டுத் தினக்கூலியில் உட்கார வைத்தார். ஊரில் கரண்டு போனால் விசைத்தறிச் சத்தம் மொத்தமும் சட்டென்று நின்றுவிடும். அடுத்த நிமிடம் இவன் மேசையில் போன் அடிக்கும். "ஆளு போயிருக்கு அண்ணாச்சி, இப்பம் வந்திரும்" என்பான். எந்த டிரான்ஸ்பார்மரில் என்ன கோளாறு இருக்கும் என்று போகிறவர்களுக்கு இவன்தான் சொல்லி அனுப்புகிறான்.

போன மாதம் ரெண்டு வருடப் பரிசோதனைக்கு வர வேண்டியிருந்தது. தோற்றுப்போன தோளைக் காட்டுவதற்கு யார் அவ்வளவு தூரம் வருவார்கள்? வராதவர்கள் சிலர் உண்டு. நான் கூப்பிடவும் இல்லை. ஆனாலும் வந்துவிட்டான்.

"என் கையும் உங்க கணக்குல வரணும்லா? நல்லா ஆனவங்களை மட்டும் எழுதுனா அது என்ன ஆராய்ச்சி?" என்றான்.

கையைத் தூக்கச் சொல்லி அளந்தார்கள். தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. வெளியே வந்தபோது, கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டியிருந்த ஒரு அம்மா அவனிடம், "உங்களுக்கும் இதே சிகிச்சைதானா? சரியாயிடுச்சா?" என்று கேட்டார். நான் அவனுடைய மருத்துவக் கோப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"எனக்கு நான் அவசரப்பட்டதுல போயிட்டும்மா" என்றான் அண்ணன். "வலி விட்டுட்டுன்னு கையை நம்பிராதீங்க. நல்லாருக்குன்னு தோணுதப்பதான் ரொம்பக் கவனமா இருக்கணும். டாக்டர் சொல்லுத நாளு வரைக்கும் பொறுங்க."

அந்த அம்மா சரி என்று தலையாட்டினார்.

சாயங்காலம் எழும்பூரில் அவனை ரயிலேற்றப் போனேன். நடைமேடையில் நின்றபடி, "அண்ணே, அன்னைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன்.

அவன் இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீ நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்ன" என்றான். அதற்குமேல் பேசவிடவில்லை. "சாப்பிட்டுட்டுப் போ, நேரமாகுது" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் ஏறினான். உள்ளே ஜன்னலோர இடத்தைத் தேடிப் போகும் அவன் முதுகு, மற்றவர்களின் முதுகுகளுக்கு நடுவில் கொஞ்சநேரம் தெரிந்தது.